சுரைப்பிஞ்சு கருகி விழுகிறது: பூவிலிருந்து விதை வரை ஒரு விவாதம்

மொட்டைமாடி (இழையைத் தொடங்கியவர்)

எல்லோருக்கும் வணக்கம். திருச்சியில் மூன்றாவது மாடியில் தோட்டம் வைத்திருக்கிறேன். ஆடிப்பட்டத்தில் இரண்டு பெரிய பைகளில் நாட்டுச் சுரை போட்டேன். கொடி நன்றாக ஏறிவிட்டது, இலை ஒவ்வொன்றும் சாப்பாட்டுத் தட்டு அளவு இருக்கிறது. முதல் பத்து நாள் நீளக் காம்புள்ள வெள்ளைப் பூக்கள் மட்டும் பூத்துக் கொட்டின. அப்புறம் பிஞ்சோடு பூக்கள் வர ஆரம்பித்தன. விரல் நீளத்தில், மேலெல்லாம் பூனை முடி போல மெத்தென்று இருக்கும். ஆசையாகப் பார்த்துக்கொண்டே இருப்பேன். நாலைந்து நாளில் நுனி மஞ்சளாகி, கருகி, தொட்டால் கையோடு வந்துவிடுகிறது. இதுவரை ஒன்பது பிஞ்சு போய்விட்டது.

பூ கொட்டுவதற்குத் தேமோர்க் கரைசல் தெளித்தேன். பஞ்சகவ்யம் கொடுத்தேன். மண்புழு உரமும் இரண்டு முறை போட்டாயிற்று. ஒரே ஒரு காய் பிழைத்தது, அதுவும் ஒரு பக்கம் சூம்பி அரிவாள் மாதிரி வளைந்துவிட்டது. சத்துக் குறைவா? வேறு என்ன கொடுக்கலாம்?

---

கொடிக்கால்

தங்கச்சி, எதையும் கொடுக்கும் முன் இரண்டு விஷயம் பார்த்துச் சொல்லுங்கள். விழுந்த பிஞ்சில் ஊசி குத்தினது போல் புள்ளியும் பிசினும் இருக்கிறதா? இருந்தால் பழ ஈ. அறுத்துப் பார்த்தால் உள்ளே வெள்ளைப் புழு நெளியும். அடுத்தது, நீங்கள் தோட்டத்துக்குப் போகும்போது பூ விரிந்திருக்கிறதா, வாடியிருக்கிறதா?

நான் ஒட்டன்சத்திரம் பக்கம். பந்தல் காய்கறிதான் பிழைப்பு. இலை தட்டு அளவு இருக்கிறது என்கிறீர்கள், அப்படி இருக்கிற கொடிக்குச் சத்துக் குறைவு என்று எனக்குத் தோன்றவில்லை.

---

மொட்டைமாடி

அண்ணா, மூன்று பிஞ்சை அறுத்துப் பார்த்தேன். புழு இல்லை, புள்ளியும் இல்லை. நான் காலையில் ஆறரைக்குத்தான் மாடிக்குப் போவேன். அப்போது பூவெல்லாம் தொங்கிப் போய்த்தான் இருக்கும். பூவே சரியாக விரிவதில்லை என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

---

கொடிக்கால்

அதுதான் விஷயம். சுரைப்பூ ராத்திரிப் பூ. பொழுது சாயும்போது விரியும், விடியும்போது வாடிவிடும். புடலையும் பீர்க்கும்கூட சாயங்காலம் விரிகிறவைதான். பரங்கியும் பாகலும் விடியக்காலைப் பூ. உங்கள் மாடிக்கு ராத்திரியில் பூச்சி வருவதில்லை. மகரந்தம் சேராத பிஞ்சு நிற்காது. நீங்கள் கையால் சேர்த்துவிட வேண்டும். எப்படி என்று சாயங்காலம் எழுதுகிறேன், இப்போது தண்ணீர் முறை.

---

சூல்பை

நான் முப்பது ஆண்டு பள்ளியில் தாவரவியல் சொல்லிக்கொடுத்தவள். கொடிக்கால் சொன்னது முழுக்கச் சரி. ஏன் அப்படி என்பதைக் கொஞ்சம் விரித்துச் சொல்ல ஆசை, ஏனென்றால் இதைப் புரிந்துகொண்டால் உரக்கடைக்கு ஓடும் ஓட்டம் பாதி குறையும்.

பூவுக்குக் கீழே நீங்கள் பார்க்கும் பிஞ்சு இன்னும் காய் ஆகவில்லை. அது பூவின் சூலகம். பூ விரியும் முன்பே, மொட்டாக இருக்கும்போதே அது இருக்கும். அதற்குள் சில நூறு சூல்கள் வரிசையாகக் காத்திருக்கின்றன. ஒவ்வொரு சூலும் ஒரு விதையாகக்கூடிய வாய்ப்பு, அவ்வளவுதான். மகரந்தத் தூள் சூல்முடியில், அதாவது பெண் பூவின் நடுவில் இருக்கும் பிசுபிசுப்பான முனையில், ஒட்ட வேண்டும். ஒட்டிய தூள் அங்கே ஈரத்தை உறிஞ்சி முளைக்கும். ஆமாம், விதை முளைப்பது போலவே முளைக்கும். அதிலிருந்து மெல்லிய குழாய் ஒன்று கிளம்பி, சூலகத்துக்குள் இறங்கி, ஒரு சூலைத் தேடிப் போய்ச் சேரும். ஒரு சூலுக்கு ஒரு குழாய், ஒரு தூள். முந்நூறு விதை வேண்டுமென்றால் குறைந்தது முந்நூறு தூள் வந்து விழுந்திருக்க வேண்டும்.

கரு உண்டான விதைகள்தான் வளர்ச்சி ஊக்கிகளைச் சுரந்து, சுற்றியிருக்கும் சதையை வளரச் செய்கின்றன. எந்தப் பக்கம் விதை பிடிக்கவில்லையோ அந்தப் பக்கம் சதையும் வளராது. உங்கள் வளைந்த காயை நெடுக்காக அறுத்துப் பாருங்கள். பருத்த பக்கத்தில் விதை திரண்டிருக்கும், சூம்பிய பக்கத்தில் உமி போலத் தட்டையாக இருக்கும்.

மக்காச்சோளத்தில் இது இன்னும் துலக்கமாகத் தெரியும். கதிரின் நுனியில் தொங்கும் பட்டுநூல் ஒவ்வொன்றும் ஒரு மணிக்குப் போகிறது. எந்த நூலில் தூள் விழவில்லையோ அந்த மணி மட்டும் பொக்கையாகப் போய்விடும்.

செடிகளுக்கு ஆண், பெண் உண்டு என்பதைச் சோதனை செய்து காட்டியவர் ஜெர்மனியின் டூபிங்கன் நகரில் இருந்த கமெராரியுஸ். 1694இல் எழுதினார். அவர் எடுத்துக்கொண்ட செடிகளில் நம் ஆமணக்கும் ஒன்று. ஆண் மொட்டுகளை விரிய விடாமல் கிள்ளிப் போட்டார், விதை பிடிக்கவில்லை. உங்கள் மாடியில் நடந்திருப்பதும் அதேதான். பூ இருக்கிறது, கொண்டு போய்ச் சேர்க்க ஆள் இல்லை.

---

மொட்டைமாடி

டீச்சர், வளைந்த காயை இப்போதுதான் அறுத்தேன். நீங்கள் சொன்னபடியே இருக்கிறது. பருத்த பக்கத்தில் விதை வழவழவென்று முழுசாக இருக்கிறது. சூம்பின பக்கத்தில் விதை இருக்க வேண்டிய இடத்தில் காகிதம் மாதிரி மெல்லிய தோல் மட்டும். நகத்தால் அழுத்தினால் உள்ளே ஒன்றுமில்லை. எத்தனையோ வருஷமாகச் சுரைக்காய் நறுக்குகிறேன், இதைக் கவனித்ததே இல்லை.

---

கொடிக்கால்

சரி, முறையைச் சொல்கிறேன். சாயங்காலம் ஆறரை, ஏழு மணிக்கு மாடிக்குப் போங்கள். ஆண் பூவுக்குக் காம்பு நீளம், அடியில் பிஞ்சு இருக்காது. நடுவில் வெளிர்மஞ்சளாக முறுக்கிக்கொண்டு ஒரு தண்டு நிற்கும். விரலால் லேசாகத் தொட்டால் மாவு ஒட்ட வேண்டும். ஒட்டவில்லையென்றால் கால் மணி நேரம் பொறுங்கள். அந்தப் பூவைப் பறித்து, இதழ்களைப் பின்னால் மடக்கிப் பிடித்துக்கொள்ளுங்கள். பெண் பூவின் நடுவில் மூன்று தடித்த முடிச்சு இருக்கும், ஒவ்வொன்றும் நுனியில் இரண்டாகப் பிரிந்திருக்கும், தொட்டால் பிசுபிசுக்கும். மூன்றிலும் சுற்றிச் சுற்றித் தடவுங்கள். ஒன்றில் மட்டும் தடவிவிட்டு வந்தால் மறுபடியும் கோணல் காய்தான் வரும். ஒரு பெண் பூவுக்கு இரண்டு ஆண் பூ பயன்படுத்தினால் இன்னும் நல்லது.

பெண் பூவுக்கு அந்த ஒரு ராத்திரிதான். நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டால் போச்சு.

இன்னொன்று, வேப்ப எண்ணெயோ வேறு எதுவோ தெளிப்பதாக இருந்தால் பூ விரியும் நேரத்தில் தெளிக்காதீர்கள். வருகிற ஒன்றிரண்டு அந்துப்பூச்சியும் வராமல் போய்விடும். எங்கள் பந்தலில் ராத்திரி டார்ச் அடித்துப் பார்த்திருக்கிறேன். கட்டைவிரல் பருமனில் ஒரு அந்து, பூவில் உட்காராமல் அந்தரத்தில் நின்றபடியே நீளமாகக் குழலை நீட்டி உறிஞ்சும். அது வந்து போகிற வரைக்கும் எனக்குக் கவலை இல்லை.

---

புதுநாற்று

கோயம்புத்தூரிலிருந்து எழுதுகிறேன், தோட்டத்துக்குப் புதியவன். இரண்டு சந்தேகம். முதலில், ஆண் பூ மட்டுமே ஏன் இவ்வளவு வருகிறது? த்ரீ-ஜி கட்டிங் (தாய்க்கொடியின் நுனியையும், பிறகு பக்கக்கிளையின் நுனியையும் கிள்ளிவிடுவது) செய்தால் பெண் பூ வரும் என்கிறார்களே, உண்மையா? இரண்டாவது, நான் ஒரே பந்தலில் சுரை, பீர்க்கு, பாகல் மூன்றையும் ஏற்றியிருக்கிறேன். பாகல் மகரந்தம் பட்டுச் சுரை கசந்துவிடும் என்று பக்கத்து வீட்டுத் தாத்தா பயமுறுத்துகிறார்.

---

சூல்பை

முதல் கேள்வி. ஆண் பூ முன்னால் வருவது இந்தக் குடும்பத்துக்கு இயல்பு. தாய்க்கொடியில் ஆண் பூ அதிகம், பக்கக்கிளைகளில் பெண் பூ அதிகம். நுனியைக் கிள்ளினால் பக்கக்கிளை சீக்கிரம் வரும், அதனால் பலன் தெரியும். அதில் உண்மை இருக்கிறது. கடும் வெயிலும், நீண்ட பகலும், தழைச்சத்து மிகுதியும் ஆண் பூக்களைக் கூட்டும். செடிக்குள் எத்திலீன் என்ற ஊக்கி கூடினால் பெண் பூ, ஜிப்ரலின் என்ற ஊக்கி கூடினால் ஆண் பூ. வேளாண் துறையினர் எத்திலீனைத் தரும் எத்ரல் மருந்தைத் தெளிக்கச் சொல்வது இதற்காகத்தான். வீட்டுத் தோட்டத்துக்கு அது தேவையில்லை, நுனி கிள்ளுவதே போதும்.

இரண்டாவது கேள்விக்குப் பதில்: பயப்பட வேண்டாம். சுரை, பீர்க்கு, பாகல் மூன்றும் ஒரே குடும்பம் என்றாலும் வேறு வேறு பேரினம். ஒன்றின் தூள் இன்னொன்றைக் கருவுறச் செய்யாது. சுரைக்கும் சுரைக்கும் நடுவே மட்டும் கலக்கும். நீளச் சுரை பக்கத்தில் குண்டுச் சுரை இருந்தால் கலக்கும், வேலியோரக் காட்டுச் சுரையோடும் கலக்கும். அப்படிக் கலந்தாலும் இந்த வருஷக் காயின் வடிவமும் சுவையும் மாறாது. காயின் சதை முழுக்கத் தாய்ச்செடியின் உடம்பு. கலப்பு இருப்பது உள்ளே விதைக்குள் மட்டும். அந்த விதையைப் போட்டு வளர்த்தால் அடுத்த தலைமுறையில்தான் வெளியே தெரியும்.

---

கொடிக்கால்

டீச்சர், இதில் எனக்கு ஒரு ஐயம். ஏழெட்டு வருஷத்துக்கு முன் என் பந்தலிலேயே ஒரு கொடி முழுக்கக் கசப்பாகக் காய்த்தது. மற்ற கொடியெல்லாம் நல்ல காய். மகரந்தம் மாறினதால்தான் என்று இத்தனை நாளும் நினைத்துக்கொண்டிருந்தேன்.

---

சூல்பை

ஒரு கொடி முழுக்க என்கிறீர்களே, அதுவே விடை. அந்த வருஷத்து மகரந்தம் காரணம் என்றால் இங்கொன்று அங்கொன்று என்று எல்லாக் கொடியிலும் தெரிந்திருக்க வேண்டும். நீங்கள் போட்ட விதைகளில் அந்த ஒன்று மட்டும் முந்தின பருவத்தில் ஏதோ ஒரு கசப்புச் சுரையோடு கலந்து உண்டானதாக இருக்கும். கலப்பு ஒரு வருஷம் விதைக்குள் தூங்கிக்கொண்டிருந்தது.

இங்கே ஒன்றை அழுத்திச் சொல்கிறேன். கசக்கும் சுரைக்காயை உப்பு, புளி போட்டுச் சமாளித்துச் சாப்பிடவே கூடாது. குகர்பிட்டசின் என்ற நச்சு அது, சமைத்தாலும் போகாது. கசப்பான சுரைக்காய்ச் சாறு குடித்து ரத்த வாந்தி எடுத்தவர்கள் உண்டு, இறந்தவர்களும் உண்டு. நறுக்கும்போது ஒரு துண்டை நாக்கில் வைத்துப் பாருங்கள். கசந்தால் துப்பிவிட்டுக் காயைக் குப்பையில் போடுங்கள்.

மகரந்தத்தின் குணம் அந்த வருஷமே தெரிகிற இடமும் ஒன்று உண்டு. வெள்ளை மக்காச்சோளத்தின் மேல் மஞ்சள் சோளத்தின் தூள் விழுந்தால் அதே கதிரில் மஞ்சள் மணி வரும். நாம் சோளத்தில் சாப்பிடுவது விதையையே, அதன் சதைப்பகுதி தாயுடையது மட்டும் அல்ல. மகரந்தக் குழாய் வழியாக இரண்டு ஆண் செல் இறங்குகின்றன. ஒன்று முட்டையோடு சேர்ந்து கரு ஆகிறது. இன்னொன்று அங்கிருக்கும் இரண்டு உட்கருக்களோடு சேர்ந்து கருவுக்கான உணவாகிறது. முளைசூழ்தசை என்று பாடப்புத்தகத்தில் வரும். பூக்கும் தாவரங்களுக்கே உரிய இந்த இரட்டைக் கருவுறுதலை 1898இல் நவாஷின் என்ற ரஷ்ய அறிவியலாளர் கண்டுபிடித்தார். வகுப்பில் இதை நடத்தும்போதெல்லாம் எனக்கு ஒரு சிலிர்ப்பு வரும். பிள்ளை உண்டாகும் அதே நொடியில் அதற்குக் கட்டுச்சோறும் உண்டாகிறது.

---

பனைவடலி

யாழ்ப்பாணத்திலிருந்து வணக்கம். டீச்சர், அந்தக் கட்டுச்சோறுதானே நுங்கு? எங்கட பக்கம் பனங்கொட்டையைப் பாத்தி போட்டுக் கிழங்கு எடுக்கிறபோது, முளைத்த கொட்டையை வெட்டினால் உள்ளே பஞ்சு போல இனிப்பாக ஒன்று இருக்கும். பூரான் என்று சொல்லுவோம். சின்ன வயதில் கிழங்கை விட அதுக்குத்தான் சண்டை பிடிப்போம். அது என்ன பகுதி?

---

சூல்பை

அருமையான கேள்வி. ஆமாம், நுங்கு என்பது இளசாக இருக்கும் முளைசூழ்தசை. தென்னையில் இளநீரும் அதுவே, தேங்காய்ப் பருப்பும் அதுவே. முற்றின பனங்கொட்டையில் அது கல் போல இறுகிவிடும். பூரான் வேறு. அது முளைக்கும் கன்றின் விதையிலை. வெளியே வந்து பச்சையாகாமல், உள்ளேயே பஞ்சாகப் பெருத்து, இறுகிக் கிடக்கும் உணவைக் கரைத்து உறிஞ்சிக் கன்றுக்கு அனுப்புகிறது. முளைத்த தேங்காயை உடைத்தால் வரும் தேங்காய்ப்பூவும் அதுதான். நீங்கள் சண்டை பிடித்துச் சாப்பிட்டது கன்றின் வாய்.

சுரை விதையில் கதை வேறு. காய்க்குள் இருக்கும்போதே கரு தன் கட்டுச்சோற்றைத் தின்று முடித்து, இரண்டு விதையிலைகளில் சேர்த்துக்கொள்கிறது. விதையை உரித்தால் இரண்டு வெள்ளைப் பருப்பு இருக்கிறதே, அவைதான்.

---

பனைவடலி

மிக்க நன்றி டீச்சர். பனையில் ஆண் பனை, பெண் பனை தனித்தனி. பூக்கிற வரைக்கும் எது என்னவென்று தெரியாது, அதுக்குப் பன்னிரண்டு, பதினைந்து வருஷம் போகும். அக்காவின் சுரைக்கொடியில் இரண்டும் ஒன்றாக வருவது எவ்வளவு வசதி என்று இப்போதுதான் விளங்குது.

---

மொட்டைமாடி (எட்டு நாள் கழித்து)

ஐந்து பூவுக்குக் கையால் சேர்த்துவிட்டேன். நான்கு நின்றுவிட்டன! மூன்றாம் நாளே வித்தியாசம் தெரிந்தது. அதுவரை மேலே பார்த்துக்கொண்டிருந்த பிஞ்சு கீழே வளைந்தது, காம்பு தடித்தது, தோலில் ஒரு மினுமினுப்பு. சேராத ஒன்று மட்டும் பழையபடி மஞ்சளாகிவிட்டது. அன்று மழை பெய்துகொண்டிருந்தது, தூள் நனைந்திருக்கும் என்று நினைக்கிறேன்.

ஒரு காயை விதைக்கு விட ஆசை. எப்படிச் செய்வது?

---

கொடிக்கால்

நல்ல வடிவான காய் ஒன்றைத் தேர்ந்தெடுத்து, காம்பில் சிவப்பு நூல் கட்டிவிடுங்கள். யாரும் தெரியாமல் பறித்துவிடக் கூடாது. கொடி காய்ந்து, காய் வெளுத்து, நகம் இறங்காத அளவுக்கு ஓடு இறுகி, ஆட்டினால் உள்ளே கலகலக்கும் வரை விடுங்கள். இரண்டு மாதம் போகும். அப்புறம் உடைத்து விதையை எடுத்து, தண்ணீரில் போட்டு மிதப்பதைத் தள்ளிவிட்டு, நிழலில் உலர்த்திச் சாம்பலில் புரட்டி வையுங்கள். எங்கள் அப்பா காலத்தில் சுரை விதையைச் சுரைக்குடுவைக்குள்ளேயே போட்டு அடுப்படிப் பரணில் தொங்கவிடுவார்கள்.

அக்கம்பக்கத்தில் வேறு சுரை இருந்தால், அடுத்த முறை விதைக்கென்றே ஒரு பூவை ஒதுக்குங்கள். மதியமே ஆண் மொட்டு, பெண் மொட்டு இரண்டின் வாயையும் நூலால் கட்டி, சாயங்காலம் அவிழ்த்துச் சேர்த்துவிட்டு, பெண் பூவை மறுபடி கட்டிவிட வேண்டும். சான்று விதை எடுக்கிற வயலுக்கு 500 மீட்டர் இடைவெளி கேட்பார்கள். மாடியில் அதற்கு வழியில்லை, நூல்தான் வழி.

---

சூல்பை

உலர்த்துவதில் சோம்பல் வேண்டாம். பொதுவாக, விதையின் ஈரம் ஒரு சதவீதம் குறைந்தால் அதன் ஆயுள் இரட்டிக்கும், வைக்கும் இடத்தின் வெப்பம் 5 டிகிரி குறைந்தாலும் இரட்டிக்கும் என்பது விதை அறிவியலில் ஒரு நடைமுறைக் கணக்கு. நன்றாகக் காய்ந்த விதை செத்த பொருள் மாதிரிக் கிடக்கும், உள்ளே உயிர் இருக்கும். இஸ்ரேலில் மசாடா கோட்டையில் கிடைத்த ஏறத்தாழ 2000 ஆண்டுப் பழைய பேரீச்சங்கொட்டை ஒன்று 2005இல் முளைத்து மரமாகி நிற்கிறது.

கடையில் வாங்கிய வீரிய ஒட்டு ரகத்தில் விதை எடுத்தால் முளைக்கும், ஆனால் பிள்ளைகள் ஆளுக்கொரு குணமாகப் பிரிந்துவிடும். உங்களுடையது நாட்டுச் சுரை என்பதால் கவலை இல்லை.

---

உப்பங்கழி

உலர்த்துவது எல்லா விதைக்கும் பொருந்தாது என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன். பலாக்கொட்டை, மாங்கொட்டை இரண்டும் காய்ந்தால் செத்துவிடும். வேப்பங்கொட்டையும் சில வாரங்களுக்கு மேல் தாங்காது, பொறுக்கின கையோடு போட வேண்டும். எங்கள் சிதம்பரம் பக்கம் பிச்சாவரத்தில் சுரபுன்னை என்ற அலையாத்தி மரம் இன்னும் ஒரு படி மேலே. விதை மரத்தில் இருக்கும்போதே முளைத்து, முருங்கைக்காய் மாதிரி பச்சையாகத் தொங்கும். உப்புச் சேற்றில் விதை முளைப்பது கடினம் என்பதால் தாய்மரமே முளைக்கவைத்து அனுப்புகிறது. படகில் போகும்போது தலைக்கு மேலே பாருங்கள், கொத்துக் கொத்தாக இருக்கும்.

---

புதுநாற்று

என் அடுத்த பிரச்சினை முளைப்பில்தான். சுரை விதையை மூன்று நாள் தண்ணீரில் ஊறப்போட்டேன், தினமும் பார்த்தேன், கடைசியில் நாறிவிட்டது. வேறு பையில் நேரடியாகப் போட்டதில் இரண்டு முளைத்தன. ஆனால் விதைத்தோல் தொப்பி மாதிரி மேலேயே மாட்டிக்கொண்டு இலை விரியவில்லை.

---

சூல்பை

விதைக்குத் தண்ணீர், காற்று, இதமான சூடு மூன்றும் வேண்டும். தண்ணீர் புகுந்ததும் விதை மூச்சுவிட ஆரம்பித்துவிடும். அதன் பின்பும் மூழ்கியே கிடந்தால் மூச்சு முட்டித்தான் சாகும். ஒரு ராத்திரி ஊறினால் போதும், பிறகு ஈரத்துணியில் முடிந்து வையுங்கள்.

தொப்பி விஷயம் மிக அழகானது. முதலில் வெளியே வருவது வேர், அது கீழ்நோக்கி வளையும். வளைகிற இடத்தில், அடிப்பக்கமாகச் சின்ன ஆப்பு மாதிரி ஒரு புடைப்பு உண்டாகும். அந்த ஆப்பு விதைத்தோலின் கீழ்ப்பாதியை மண்ணோடு மிதித்துப் பிடித்துக்கொள்ள, தண்டு மேலே நிமிர்ந்து இரண்டு பருப்பையும் சட்டையிலிருந்து கையை உருவுவது போல உருவிக்கொள்ளும். விதையைப் படுக்கை வசமாகப் போட்டு, மேலே ஒரு விரற்கடை மண் இருந்தால் இது தானாக நடக்கும். நட்டுக்குத்தலாக நின்றாலோ மண் காய்ந்திருந்தாலோ பிடி நழுவிவிடும், தொப்பியோடு மேலே வந்துவிடும். மாட்டிக்கொண்டதைப் பிய்க்காதீர்கள். ஒரு துளி தண்ணீர் வைத்து அரை மணி நேரம் ஊறவிட்டு, மெல்ல உருவுங்கள்.

---

மொட்டைமாடி (இரண்டரை மாதம் கழித்து)

சிவப்பு நூல் கட்டின காயை நேற்று உடைத்தேன். ஓடு அவ்வளவு கெட்டி, கத்தி இறங்கவில்லை, கடைசியில் அரம்பத்தால் அறுத்தோம். என் மகள் தரையில் செய்தித்தாள் விரித்து எண்ணினாள். 312 விதை, மிதந்தது 27. பத்து விதையை ஈரத்துணியில் கட்டி அவளே பார்த்துக்கொண்டாள். ஐந்தாம் நாள் எட்டில் வேர் எட்டிப் பார்த்தது. டீச்சர் சொன்ன அந்த ஆப்பும் லென்ஸ் வைத்துப் பார்த்தால் தெரிகிறது, வளைவின் அடியில் சின்ன மரு மாதிரி.

மீதி விதை நிறைய இருக்கிறது. ஒட்டன்சத்திரத்துக்கு ஒரு பொட்டலம் அனுப்புகிறேன், அண்ணா. வேறு யாருக்கு வேண்டும் என்றாலும் தனிமடலில் சொல்லுங்கள்.

---

கொடிக்கால்

அனுப்புங்கள் தங்கச்சி. தைப்பட்டத்துக்கு ஒரு வரிசை உங்கள் விதைதான்.